சுருதி சேர்க்கும் நேரம்

வாரக்கடைசி நாட்டுப்புற இசைக்கூடலில் நிறையக் கம்பிகள் கொண்ட வாத்தியமான சந்தூரும் பறையும் சேர்ந்து வாசிக்க வேண்டும். மேடையேறும் நேரத்தில் தூறல் விழுந்து பறையின் தோல் தொய்ந்துவிட்டது.

"தீயில காஞ்சாத்தான் சத்தம் வரும்க்கா. அதுவரைக்கும் ஜனம் உட்காருமா?" என்று பறை பதறியது.

"நீ காஞ்சிட்டு வாடா. நான் சுருதி சேர்த்துக்கிட்டிருக்கேன்," என்றது சந்தூர்.

அதன் கம்பிகளெல்லாம் மத்தியானமே சுருதி சேர்ந்திருந்தன. ஆனாலும் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி முறுக்கியது.

"இம்புட்டுக் கம்பியக் கட்டிக்கிட்டு யாரும்மா வரச்சொன்னது? வீட்லயே சேர்த்துட்டு வரக்கூடாதா?" என்று மைக் ஊருக்கே கேட்கும்படி நக்கலடித்தது. கூட்டம் சிரித்தது. சந்தூர் நிமிரவே இல்லை.

பந்தலுக்குப் பின்னால் வைக்கோல் தீயில் காய்ந்த பறை ஓடிவந்து, பக்கத்தில் நின்று ஒருதரம் முழங்கியது. பந்தலே அதிர்ந்தது.

"என்னம்மா, இப்பவாவது சேர்ந்துச்சா?" என்றது மைக்.

"இப்பத்தான் சேர்ந்துச்சு," என்றது சந்தூர்.