கம்பெனியின் உள்ளூர் ஆள்

"பாத்தியாடி, கோர்ட்டு டவாலிகூட அந்தாளுகிட்ட பவ்யமா நின்னு கையெழுத்து வாங்குறான்!"

சாப்பாடு கொண்டுவந்த மனைவி கருப்பம்மாளிடம் பொருமினான் பேச்சிமுத்து. நாகல் நகரில் அவனுடைய சுருட்டுக் கடைக்கு எதிர்ச்சாரியில் சீமைக் கம்பெனி ஒன்று கிளை திறந்து ஒரு வருஷமாகிறது. கிணற்றுக்கு எண்ணெய் எஞ்சின் விற்கும் கம்பெனி. வாசலில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிய போர்டு. அதன் அடியில், 'உள்ளூர்ப் பொறுப்பாளர்: வேலுசாமி.'

வேலுசாமி வேறு யாருமில்லை, பேச்சிமுத்துவின் சகலை.

"எங்க அக்கா கையைப் பாக்கலையே நீங்க," என்றாள் கருப்பம்மாள். "புதுசா நாலு வளையல். தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்புடுற சாக்குல அம்புட்டு நேரம் கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறா."

பேச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. விடிந்தால் போதும், விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வேலுசாமியின் வாசலில் கூட்டமாகக் காத்திருக்கிறார்கள். கறுப்புக் கோட்டு வக்கீல்கள் வந்து போகிறார்கள். இவன் கடைக்கு வருகிறவனோ பாதி நேரம் பீடிக்கு நெருப்புக் கேட்கத்தான் வருகிறான். வேலுசாமியின் நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதே அவனுக்கு நினைப்பாகிவிட்டது.

சாயங்காலம் வேலுசாமியே வந்தான், புதுக் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு.

"அப்பிடி என்னதான் சகலை வேலை ஒங்களுக்கு?"

"வேலையா? வெளிநாட்டுக் கம்பெனி இங்க யாவாரம் பண்ணணும்னா, அதுக்காக நிக்கிறதுக்கு இங்கன உள்ள ஆள் ஒருத்தன் பேரைச் சர்க்கார்ல பதியணும். சட்டம் அப்பிடி. அந்தப் பேரு என் பேரு. மத்தபடி ஃபேனுக்கு அடியில ஒக்காந்திருக்கேன்." வேலுசாமி கொட்டாவி விட்டான். "வெள்ளிக்கிழமை கம்பெனி துரை கொடைரோட்டுல எறங்குறாராம், கொடைக்கானல் போக. யாரு போயிப் பாக்குறது? ஒடம்பெல்லாம் அசதியா இருக்கு."

வெள்ளிக்கிழமை கொடைரோடு ஸ்டேஷனில் சிறுமலை வாழைத்தாரோடு நின்றான் பேச்சிமுத்து. அவன் சொல்லச் சொல்ல, துரையுடன் வந்த குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

"சகலைக்கு இதுல அக்கறையே இல்லைங்க. ஒங்களைப் பாக்கக்கூட வரல பாருங்க. அந்த எடத்துல நான் இருந்தா…"

முடிப்பதற்குள் துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தா பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்ட, அங்கேயே கையெழுத்துப் போட்டான். சகலையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ரயிலில் திரும்பும்போது அதுவும் மறந்துபோனது.

போர்டில் பெயர் மாறியது. வேலுசாமி சாவிக்கொத்தை நீட்டிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டபடி போனான். அதைப் பார்த்த கருப்பம்மாளுக்கு அன்று சோறு இனித்தது.

மறுநாள் காலை. ஃபேன் சுழன்றது. பேச்சிமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "வாங்க, வாங்க," என்றான்.

முதலில் வந்த தாடிக்கொம்புச் சம்சாரி உடைந்த இரும்புத் துண்டு ஒன்றை மேசையில் போட்டார்.

"நீதான் இப்பக் கம்பெனியா? வாங்குன மூணாம் மாசமே எஞ்சின் நின்னுபோச்சு. ஆறு மாசமா இதோ வருது, அதோ வருதுன்னு சாமான் வரவே இல்ல. வெள்ளாமை பூராவும் கருகிருச்சு. பதில் சொல்லாம எந்திரிச்சே, நடக்கிறதே வேற!"

பின்னாலிருந்த கூட்டமும் உள்ளே நெருக்கியது. அதை விலக்கிக்கொண்டு டவாலி வந்தான்.

"கம்பெனி மேல போட்ட கேசு எல்லாத்துக்கும் இனிமே நீங்கதான் கோர்ட்டுக்கு வரணுமாம். சம்மனை வாங்கிக்கிட்டு இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா."

அதே நேரத்தில், தன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான் வேலுசாமி.

"எனக்குப் பதிலா ஒரு ஆளைக் காட்டுனாத்தான் விடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு துரை. ஒருவழியா மாட்டுனான்டி!"

அவன் மனைவி சின்னக்கண்ணு கையை ஒரு முறை ஆசையோடு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப, இந்த இரவல் வளையலைப் பக்கத்து வீட்டுல திருப்பிக் குடுத்திரட்டுமா?"