மூட்டையோடா, கையோடா

தம்பியின் ஊன்றுகோல்கள் இரண்டையும் அவன் மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் சாய்த்தாள்.

யாத்திரிகர் விடுதி வாசலில், காலை ஏழு மணிக்கு, நாங்கள் இரண்டு பேரும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தி வேடிக்கை பார்த்தார்கள்.

மலையில் நடக்கிறவர்கள் ஊன்றும் அலுமினியக் கோல்கள். இழுத்தால் நீளும், திருகினால் நிற்கும். அவன் உயரத்துக்கு இருந்ததை ஒரு சாண் குறைத்து அவள் உயரத்துக்கு வைத்திருந்தேன்.

யாத்திரையில் இன்று எட்டாவது நாள். இங்கிருந்து மூன்று மணி நேரம் ஒரே இறக்கம், காலடியில் எல்லாம் உருளும் கல்.

போன வருஷம் அக்காவும் தம்பியுமாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தோம். இந்த இறக்கத்தில்தான் அவன் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அவரு வெறுங்கையோட இறங்கினாரு. நானும் அப்படியேதான் இறங்குவேன், அண்ணி. என் வேண்டுதலே அதுதான்.”

ஒரு வருஷமாக இதே பேச்சு. கோலை மூட்டையோடு வண்டியில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு இறங்கிய வீம்புக்காரன் என்று அவனைத் திட்டுவாள். திட்டி முடித்ததும், என்ன ஒரு வைராக்கியம் பாருங்கள் என்று மெச்சிக்கொள்வாள். இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். பள்ளி மைதானத்தில் இருபத்தாறு வருஷம் விசில் ஊதி, காட்டுக்கத்தல் கத்திய வாய் இது. அவள் எதிரில் மட்டும் திறக்காது.

அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை. நேற்று ஏற்றத்திலேயே இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். இவளையும் அதே மாதிரி தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது.

சுமை வண்டி வந்து நின்றது. எல்லோருடைய மூட்டையையும் அடுத்த விடுதியில் கொண்டுபோய் இறக்கும் வண்டி. ஓட்டுநர் எங்கள் மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கோல்களைக் கையில் எடுத்தார்.

“இது மூட்டையோட போகுதா, கையோட வருதாம்மா?”

“கையோட,” என்று முந்திக்கொண்டேன்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். “என்னைக் கேக்காம நீங்க எப்படி அண்ணி சொல்லலாம்?”

நியாயமான கேள்வி. ஒரு வருஷமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“போன வருஷம் அவனையும் கேக்கலம்மா,” என்றேன். “அவன் குளிச்சிட்டு இருந்தான். ‘மூட்டையோட போகட்டும், அவனுக்கு எதுக்கு நாலு காலு’ன்னு நான்தான் அனுப்பிவிட்டேன். சும்மா கிண்டலுக்கு. வந்து தேடினான். வண்டி போயிருச்சு. ‘போக்கா’ன்னு சிரிச்சிட்டே இறங்கினான்.”

ஓட்டுநர் கோல்களைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் அவர் கையிலிருந்த கோல்களை வாங்கிக்கொண்டு, எனக்காக நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

கீழே போய்ச் சேரும்வரை அவள் ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழவும் இல்லை.