கவிழ்த்து வைத்த அட்டை

மூன்றாவது வீட்டு வாசல் வரைக்கும் நான் கேட்கவில்லை.

துறைமுகத்துக்கு மேலே, மேட்டில், அந்தக் காலத்து வெளிநாட்டார் தெரு, இப்போது மியூசியம். ஒரே டிக்கெட்டில் ஐந்து வீடு. முதல் வீடு ஒரு தூதருடையது. அங்கேயே கேட்டுவிடலாம் என்றுதான் படியேறினேன். நூறு வருடமாகப் பன்னிரண்டு பேருக்குத் தட்டு வைத்துக் காத்திருக்கும் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது.

இரண்டாவது, கப்பல் ஏஜென்ட் வீடு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் இந்த ஊரில் மனிதர் அறைக்கு ஒரு கணப்பு அடுப்பு கட்டியிருந்தார். அதை வைத்து மூன்று ஜோக் அடித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

என் மனைவியின் தம்பியிடம் ஒரு கிட்னி கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கல்ல, அவளுக்கு. என்னுடையதைக் கொடுக்கிறேன் என்று முதல் ஆளாகப் போய் நின்றேன். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் ஓரங்கட்டிவிட்டார். ஐம்பது வருடமாக நான் தின்ற இனிப்பெல்லாம் அன்றைக்கு வரிசையாக வந்து சாட்சி சொன்னது.

இப்போது அவள் இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். நாலு மணி நேரம். வெளியூரிலிருந்து பார்க்க வந்த தம்பியையும் என்னையும் அவள்தான் துரத்திவிட்டாள்.

"என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க."

துரத்தும்போது என் கையை மட்டும் ஒரு அழுத்து அழுத்தினாள். அதற்கு அர்த்தம், அவனிடம் கேட்கக் கூடாது என்பது. அவன் சின்னச் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறானாம். மூன்று மாதமாக இதே உத்தரவுதான். இன்றைக்கு மீறிவிடுவது என்று வந்திருந்தேன்.

மச்சான் பிடியே கொடுக்கவில்லை. அறிவிப்புப் பலகை ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தான். சன்னல் கண்ணாடி எந்தக் கப்பலில் வந்தது, பியானோவைக் கடைசியாக வாசித்தது யார், எல்லாம். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் என் மாமனார் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். நான் தொண்டையைச் செருமினால் போதும், அடுத்த பலகைக்கு நகர்ந்துவிடுவான்.

தெரிந்துதான் நழுவுகிறான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் தரையில் பதித்த கல்லைக்கூட எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வீடு ஒரு தேயிலை வியாபாரியுடையது. முன்கூடத்து வட்ட மேசைமேல் ஒரு வெள்ளித் தட்டு. பக்கத்தில் வெற்று அட்டைகள், இரண்டு பென்சில். அந்தக் காலத்தில் இந்தத் தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கப் போனால் நேராக உள்ளே நுழைந்துவிட மாட்டார்களாம். தட்டில் அட்டையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். வீட்டுக்காரர் அப்புறம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

"நீங்களும் எழுதி வைக்கலாம் சார்," என்றாள் டிக்கெட் கிழிக்கும் பெண். "வாயால சொல்ல முடியாததை எழுதுறவங்கதான் ஜாஸ்தி. போன வாரம் ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேட்டு நாலு அட்டை எழுதினாரு. அந்தம்மா படிச்சிட்டு, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னாங்க."

மச்சான் சிரித்தான். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

நான் ஒரு அட்டையை எடுத்தேன்.

'மச்சான், ஒரு சின்ன உதவி' என்று எழுதினேன். ஏணி இரவல் கேட்பது போல இருந்தது. அடித்துவிட்டு, 'உன் அக்காவுக்காக' என்று தொடங்கினேன். மிரட்டுவது போல இருந்தது. அதையும் அடித்தேன். கடைசியில் மிச்சமிருந்த இடத்தில், 'அக்காவுக்கு ஒரு கிட்னி தருவியா' என்று மட்டும் எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்தேன். எழுத்து கோணலாகத்தான் வந்திருந்தது. சர்க்கரை என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

நிமிர்ந்தால், அவனும் எழுதிக்கொண்டிருந்தான்.

நிறைய எழுதினான். முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினான். எழுதி முடித்து, என் அட்டைக்குப் பக்கத்தில் தன் அட்டையை வைத்தான். என்னுடையதைத் தொடவே இல்லை. மாடிப்படி ஏறிப் போய்விட்டான். மேலே மரத்தரை அவன் நடைக்கு முனகுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நான் எடுத்துப் படித்தேன்.

'மாமா, நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். மூணு மாசம் முன்னாடியே டெஸ்ட் எடுத்துட்டேன். என்னோடது அக்காவுக்குப் பொருந்தலை. அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. வாயால சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன்.'

பின்பக்கத்தில்:

'நீங்க கேக்காம இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்குமாம். அது போதும்னு சொன்னா.'

டிக்கெட் கிழிக்கும் பெண் வேறு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு அட்டைகளையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மெஷினை நிறுத்த இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதற்குள், இன்னும் கேட்காதவனுடைய முகம் ஒன்றை எனக்கு வரவழைத்துக்கொள்ள வேண்டும்.