ஊறாத சீலிங்

2024 ஜூன் 11, கும்மிடிப்பூண்டி. டைல்ஸ் அறுக்கும் துளசிராமனுக்கு ஆஸ்துமா என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார்.

"எல்லாம் அந்தத் தூசியாலதான். தண்ணி ஊத்தி அறுத்தா பறக்காதே?"

"ஓனரு வேணான்ட்டாரு சார். கீழ சீலிங் ஊறிப்பூடுமாம்."

"மனுசனா அவன்? வேலைய விட்டுடு."

"உட்டுட்டு இன்னா சார் பண்றது? வேற எங்க போனாலும் இதே கததான்."

"யாருய்யா அந்த ஓனர்? நானே பேசறேன்."

தலைக்கு மேல் மாடியில் இன்னொரு ஆள் ஓட்டிய டைல்ஸ் மிஷின் கிறீச்சிட்டது. துளசிராமன் இழுத்து இழுத்து மூச்சுவிட்டான்.

"நீங்கதான் சார். மேஸ்திரியாண்ட சொல்லியனுப்பினீங்களே."

டாக்டர் புதிதாகப் போட்டிருந்த சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

தன் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் துளசிராமன் கிளினிக் மாடியேறினான். மீதி டைல்ஸையும் தண்ணீரில்லாமலேயே அறுத்தான்.