கருநாக்கு

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சில் வந்து உட்கார்ந்த வெஸ்லியின் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

இருக்கவும் கூடாது. அவன் வீசிய பந்தை எதிரணிக்காரன் ஒருத்தன்கூட இன்னும் உருப்படியாக அடிக்கவில்லை. இப்படி ஒரு ஆட்டம் நடக்கும்போது பிட்சரோடு பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, 'ஒரு அடிகூட விழலை' என்று மறந்தும் வாயெடுத்துச் சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு, உடனே அடி விழும். ஒஹாயோவில் பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்குகிற எவனும் இதை மீற மாட்டான். மேனேஜர் கிராட்டி ராசி கெட்டுவிடுமே என்று ஒண்ணுக்குக்கூடப் போகாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

வெஸ்லிக்கோ முழங்கை விண்விண்ணென்று தெறித்தது. யாரிடம் சொல்வது? சொல்லவும் மனசில்லை. மிச்சம் இருக்கிற இரண்டு இன்னிங்ஸில் ஆறே பேரை அவுட்டாக்கிவிட்டால் நாடே அவன் பேரைச் சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

அப்போதுதான் கேட்சர் ராமிரோ வந்து அவனை ஒட்டித் தொப்பென்று உட்கார்ந்தான். தலை நரைக்கிற வயசு வரை ஆடியவன், சம்பிரதாயம் தெரியாதவன் இல்லை.

"என்ன வெஸ்லி, இன்னும் ஒரு அடிகூட விழலை போல?" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெஞ்சில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"உன் வாயில மண்ணைப் போட," என்றார் கிராட்டி.

"உள்ளதைத்தானே சொன்னேன்?"

"அண்ணே, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" வெஸ்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டாவது இன்னிங்ஸ். முதல் ஆள் மட்டையோடு வந்து நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் குந்திய ராமிரோ, எந்தப் பந்து போடுவது என்று வழக்கம்போல விரலால் சாடை காட்டினான். கேட்சர் காட்டுவதைப் பிட்சர் போட வேண்டியதுதான். வெஸ்லி போட்டான். அடித்த அடியில் பந்து சுவரில் போய் மோதியது.

கிராட்டி நடந்து வந்து கையை நீட்டினார். "பந்தைக் குடுப்பா. அதான் எல்லாம் போச்சே, இனிமே நீ நின்னு என்ன?"

ஆறுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். ஆனாலும் உடை மாற்றும் அறை இழவு வீடாக இருந்தது.

"கருநாக்குப் பய. இவனோட இனிமே ஒரே பஸ்ல வரமாட்டேன்."

"அடுத்த வருஷம் இவன் நம்ம டீம்ல வேணாம் சார்."

"எனக்கும் அதே நினைப்புதான்," என்றார் கிராட்டி.

ராமிரோ கால் கவசத்தை அவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

வெஸ்லியின் முழங்கையை அமுக்கிப் பார்த்த வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "எவ்வளவு நேரமா இந்த வலி? இன்னும் ஒரு இன்னிங்ஸ் வீசியிருந்தா தசைநார் அறுந்திருக்கும் தம்பி. அப்புறம் ஜென்மத்துக்கும் பந்தைத் தொட்டிருக்க மாட்டே. நல்ல வேளை, அடி விழுந்துச்சு."

கையில் ஐஸ் கட்டோடு உட்கார்ந்திருந்த வெஸ்லிக்குத் திடீரென்று என்னவோ உறைத்தது. எழுந்து கார் நிற்கும் இடத்துக்கு ஓடினான்.

"அண்ணே, அந்த அடிச்ச ஆளுக்கு மெதுவா, நடுவுல போட்டா அல்வா சாப்பிடுற மாதிரின்னு காலையில நீதானே சொன்னே? அப்புறம் அதையே ஏன் போடச் சொன்னே?"

"உன் கை கோணிக்கிட்டுப் போறது எனக்குத் தெரியாதா? கேட்டா ஒத்துக்குவியா நீ? ஒரு அடி விழாம அந்த மேனேஜர்தான் உன்னை வெளிய எடுப்பாரா?"

"அப்ப பெஞ்சுல பேசினது?"

ராமிரோ அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசுடா. எல்லாரும் என் நாக்கைத்தான் திட்டிக்கிட்டு இருக்காங்க. விரல் என்ன பண்ணுச்சுன்னு ஒருத்தனும் கேக்கலை."