நூற்றுப் பன்னிரண்டு மீன்கள்

"அந்த ஆளு உன் சைட்டை அப்படியே தூக்கிக்கினு போயி இன்னிக்கி விழுப்புரத்துல மேடை ஏர்றான். நீ என்னடான்னா காலைலேர்ந்து ஃபைலை அடுக்கிக்கினு கீற!"

வெற்றிவேலுக்குப் பொறுக்கவில்லை. அவன் மனைவி சூர்யகலா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை.

"நம்ம வீட்டுச் சாமானை நாமதானே ஒழுங்கா வெச்சிக்கணும்? கொஞ்சம் கத்தாம இருங்க."

நான்கு வருட உழைப்பு. ஞாயிறு தவறாமல் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து மரக்காணம் போவாள். கரையில் மீன் விற்கும் முனியம்மாளிடம் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டு, படம் எடுத்து வருவாள். இரவல் கம்ப்யூட்டர் புத்தகத்தைப் படித்துப் படித்து அவளே கட்டிய வெப்சைட் அது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மீன்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'படம்: சூர்யகலா. பெயர் சொன்னவர்: முனியம்மாள்' என்று இருக்கும்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஆதிநாராயணன் அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் நகல் எடுத்தார். அடியில் இருந்த இரண்டு பெயர்களையும் அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அந்த மனிதரின் செருப்பில் கடற்கரை மணல் ஒட்டியதே கிடையாது. அவருக்குத்தான் ஊர்ச் சங்கம் ஒன்று '2009-ன் சாதனையாளர்' பட்டம் கொடுக்கிறது.

போன வாரம் சூர்யகலா போனில் கேட்டபோது அவர் சிரித்தாராம்.

"நெட்ல இருக்கறதெல்லாம் பொதுதாம்மா. உன்னுதுன்றதுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்குதா?"

"என் பேரு போனாப் போவுது. அந்தக்கா பேரையும் இல்ல அழிச்சிட்டான்!" என்று அன்று முழுக்க அழுதாள். இன்றைக்கோ முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மவுஸை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தாள்.

"முடிஞ்சிது. ஜல்தி கெளம்புங்க. பஸ் ஸ்டாண்டுல முனியம்மாக்கா காத்துக்கினு இருக்கும்."

"அங்க போயி என்னா பண்றது? கை தட்டறதா?"

"ஆமா, தட்டத்தான் போறோம்."

பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியும் வெற்றிவேலின் புலம்பல் ஓயவில்லை.

மண்டபத்தில் மூவரும் முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தார்கள். மேடையிலிருந்த ஆதிநாராயணன் எழுந்தார். சிரித்தபடி மைக்கைப் பிடித்தார்.

"கொளுத்தற வெயில்ல, மரக்காணம் கரையில நின்னு, ஒவ்வொரு படமும் நானே எடுத்ததுங்க!"

"அட, இந்த ஆளை நான் பார்த்ததே இல்லியே!" முனியம்மாள் எழப் போனாள்.

சூர்யகலா அவள் கையை அழுத்தினாள். "செத்த இரு அக்கா."

சங்கத்து லேப்டாப்பில் ஆதிநாராயணன் தன் சைட்டைத் திறந்தார். "பெரியோர்களே, இதோ பாருங்க... வஞ்சிரம்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். திரையில் வஞ்சிரம் இல்லை. மீன் கூடையோடு முனியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில், 'படம்: சூர்யகலா. பெயர் சொன்னவர்: முனியம்மாள்.'

பதறிப்போய்ச் சங்கரா மீனைத் திறந்தார். முனியம்மாள். கிழங்கானைத் திறந்தார். அங்கேயும் முனியம்மாள். வியர்க்க விறுவிறுக்க எந்த மீனைத் தொட்டாலும் அதே கூடை, அதே சிரிப்பு, அதே இரண்டு பெயர்கள்.

"யம்மாடி, அது நான்தான்!" முனியம்மாள் எழுந்து நின்று கத்தினாள். கைதட்டல் மண்டபத்தையே அதிர வைத்தது. சங்கத் தலைவர் பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி அவர்களை நோக்கி வந்தார்.

வெற்றிவேல் வாயைப் பிளந்தான். "அவன் சைட்டுக்குள்ள நீ எப்டி பூந்த?"

"நான் எங்கங்க பூந்தேன்? அவரு பக்கத்தை மட்டும்தான் தூக்கிக்கினு போனாரு. படத்துக்கு மட்டும் தெனம் நம்ம ஃபோல்டருக்குத்தான் வந்துக்கினு இருந்தாரு. அவரு சைட்டை யாரு தொறந்தாலும் படம் நம்ம சைட்டுலேர்ந்துதான் போவும். அதான் காலைல நம்ம ஃபோல்டர்ல நூத்திப் பன்னெண்டு மீனையும் எடுத்துட்டு, அதே ஃபைல் பேருங்கள்ல இந்தக்கா படத்தை வெச்சேன்."