மூன்றாவது விசில்

விடுப்பில் இருக்கும் போக்குவரத்துக் காவலர், அடுப்புக்கு முன்னால் நடுரோட்டில் நிற்பது போலவே காலை அகட்டி நிற்கிறார். பாலும் நெய்யும் தொடாத மச்சினிக்கு, "பத்தே நிமிஷம், பருப்புக் குழம்பு, உடம்புக்கும் நல்லது" என்று சவடால் விட்டாகிவிட்டது. நர்ஸான அவளுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. காலித் தட்டில் விரலால் தாளம் போடுகிறாள். ஜன்னல் வெயிலில் குக்கரின் மண்டை பளபளக்கிறது. தக்காளியும் பூண்டும் கலந்த ஆவி அவர் மீசையை நனைக்கிறது. "மூணு விசில்தான், எண்ணிக்கோ" என்கிறார். முதல் விசிலுக்கு அவருடைய வலது கை தானாக உயர்ந்து பிரிட்ஜை நிறுத்திவைக்கிறது. இரண்டாவதற்கு இடது கை உப்பு டப்பாவுக்கு வழிவிடுகிறது. மூன்றாவது, நீளமாக, அதிகாரமாக வருகிறது. டக்கென்று அடுப்பை அணைத்து, கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டி, மூடியைத் திறந்து அவள் தட்டில் ஊற்றுகிறார். பருப்பு கடகடவென்று உருண்டு ஓடுகிறது. திறந்த குக்கரை இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது விசில் கேட்கிறது. அவர் மெல்ல ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். கீழே வாட்ச்மேன் கன்னம் உப்ப ஊதுகிறார். ரிவர்ஸில் வரும் கார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பூந்தொட்டி மேல் ஏறுகிறது. மச்சினி ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்து, தாடையைப் பிடித்துக்கொள்கிறாள். "இருபது வருஷமா விசில் ஊதுறீங்க அத்தான், ஒரு வண்டியாவது நின்னிருக்கா? வாட்ச்மேன் அந்த மூணாவது விசிலை ஒரே தடவைதான் ஊதினாரு, என் சாப்பாடே நின்னுபோச்சு!"